தாய்மொழி யாரையும் சிறை வைப்பதில்லை

"நாம் பேசும் மொழிதான் நம் சிந்தனையின் எல்லை, சொல் இல்லாத ஒன்றை நினைக்கவும் முடியாது" என்று மேடைதோறும் அடித்துச் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்றுகளைப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லே இல்லை என்பது. இதைக் கிளப்பியவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழியாய்வு செய்தவர். நியூயார்க்கில் வசித்த ஹோப்பிக்காரர் ஒருவரிடமே பெரும்பாலும் பாடம் கேட்டார். ஆனால் மொழியியலாளர் எக்கெஹார்ட் மாலோட்கி ஹோப்பி மக்களிடையே ஆய்வு செய்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். 600 பக்கங்களைத் தாண்டும் அந்நூல் முழுக்கக் காலத்தைக் குறிக்கும் ஹோப்பி வழக்குகள்தான்!

இரண்டாவது, எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொற்கள் உண்டு என்பது. 1911இல் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டியவை நான்கே. வாய்க்கு வாய் அது பெருகிவிட்டது.

மூன்றாவது சான்று கொஞ்சம் கனமானது. அமேசான் காட்டுப் பிரஹா மக்களின் மொழியில் எண்ணுப்பெயர்கள் இல்லை. ஆகவே சரியான எண்ணிக்கை அவர்களுக்குப் பிடிபடாது என்கிறார்கள். 2008இல் வெளியான ஆய்வில், நூற்கண்டுகளை வரிசையாக வைத்து, அதே அளவு பலூன்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள். வரிசை கண்ணெதிரே இருந்தவரை ஏறக்குறையப் பிழையில்லாமல் வைத்தார்கள். அதை மறைத்த பிறகுதான் தடுமாற்றம் மிகுந்தது. ஆக, எண்ணுப்பெயர் இல்லாததால் இடறியது நினைவுதான், புத்தியல்ல.

அப்படியானால் மொழி நம்மைச் சாய்ப்பதே இல்லையா? சாய்க்கிறது, ஆனால் வேறு வழியில். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'மோதிய' என்று கேட்டபோது சராசரி விடை மணிக்கு 34 மைல்; 'மோதி நொறுங்கிய' என்று கேட்டபோது ஏறத்தாழ 41. இன்னொரு சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் 'நொறுங்கிய' என்ற கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். 'மோதிய' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்.

அத்தனை பேரிடமும் கேட்டது ஆங்கிலத்தில்தான். வேறுபட்டது கேட்டவர் பொறுக்கிய ஒரு வினைச்சொல். எனவே பிறர் மொழியில் குறை தேடுவதை விட்டுவிட்டு, நாளை செய்தித்தாளைப் பிரிக்கும்போது தலைப்பின் வினைச்சொல்லைப் பாருங்கள். அதைத் தேர்ந்தவர் யார், ஏன் என்று கேளுங்கள்.