புகை மிஷினைச் சுமப்பவனுக்கு எந்தச் சட்டம்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் டெங்கு பயமும் சேர்ந்தே வந்துவிடும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி என எங்கு போனாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் உண்டு. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அந்த முற்றங்களில் தேங்கும் தண்ணீரை யாரும் பார்க்க முடியாது. காலனி வீட்டுக்குள் மட்டும் கேட்காமலே நுழைந்து குடத்தைக் கவிழ்த்துப் பார்க்கலாம்.

குழாயில் தினமும் தண்ணீர் வராததால்தான் காலனிப் பெண்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கொசு வளரும்படி தண்ணீர் தேங்கவிடுவது 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி குற்றம். தண்ணீர் விடாதவருக்குத் தண்டனை இல்லை; பிடித்து வைத்தவருக்கு அபராதம்.

என் சித்தப்பா ஓர் உள்ளாட்சியில் ஒப்பந்த மஸ்தூராக இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊரானாலும் கதை இதுதான். முகத்தில் ஒரு துண்டு, தோளில் புகை மிஷின். கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. "கண்ணு எரியும்டா, குளிச்சா சரியாப் போயிரும்" என்பார். தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ள, அந்தப் புகைக்குள்ளேயே அவர் நடந்துகொண்டிருப்பார்.

இந்தப் புகையால் பெரிய பயனும் இல்லை. மாலத்தியானையோ பைரித்ரத்தையோ டீசல், மண்ணெண்ணெயில் கலந்து அடிக்கும் புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் வீட்டுக்குள் மறைவான இடங்களில் ஒதுங்குவது. சாத்திய கதவுக்கு வெளியே அடிக்கும் புகை அதை எப்படி எட்டும்? நோய் வேகமாகப் பரவும் அவசர நேரத்துக்கு மட்டுமே புகை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மாலத்தியான் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 2015இல் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆனாலும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. அரசு ஏதோ செய்கிறது என்று காட்ட அது போதும்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் உண்டு. 1999இல் வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தபோது நியூயார்க் நகரம் ஹெலிகாப்டரில் மாலத்தியான் தெளித்தது. மக்கள் அமைப்புகள் 2000இல் வழக்குப் போட்டு 2007 வரை நடத்தின. கடைசியில், இம்மருந்துகள் சூழலில் தங்கிவிடக்கூடும், உடல்நலத்தைக் கெடுக்கக்கூடும் என்று நகர நிர்வாகம் சமரச உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது. நம் பக்கத்திலேயே காசர்கோடு இருக்கிறது. முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததை எதிர்த்து 1998இல் லீலாகுமாரி அம்மா என்ற அரசு ஊழியர் ஹோஸ்துர்க் முன்சிஃப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் தரச் சொன்னது.

இவ்வழக்குகள் முதன்மையாகக் கேட்டது, மருந்து யார் தலையில் விழுகிறது என்பதை. சாதிச் சமூகத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: மருந்தை யார் தோளில் ஏற்றுகிறோம்? மலக்குழிக்குள் இறக்கிய அதே கைதான் புகை மிஷினையும் தூக்கிக் கொடுக்கிறது. அழுக்கானது, ஆபத்தானது எதுவோ அது சேரிக்காரனுக்கு என்ற பழைய ஏற்பாடு, ஒப்பந்தம் என்ற புதுப் பெயரில் நடக்கிறது.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 39ஆம் விதி, மருந்து தெளிப்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை தர வேண்டும் என்கிறது. 37ஆம் விதி, வேலைக்கு எடுக்கும் முன்பும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. மாலத்தியான், அபேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளைக் கையாளுவோருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒருநாளும் யாரும் ரத்தம் எடுத்ததில்லை.

கொசுவை ஒழிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டெங்குவில் முதலில் சாவது ஏழை வீட்டுக் குழந்தைதான். காலனிக்குத் தினமும் தண்ணீர் விடுங்கள். பூட்டிய வீடுகளின் முற்றத்தையும் திறந்து பாருங்கள். மஸ்தூரை நிரந்தரமாக்கி, விதியில் உள்ள பாதுகாப்பைக் கொடுங்கள் என்கிறோம்.

ஒவ்வோர் ஊரிலும் நம் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். என்ன மருந்து அடிக்கிறீர்கள்? பாதுகாப்பு உடை யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? மஸ்தூர்களின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் நகல் எங்கே? பதில் வந்தாலும் வராவிட்டாலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக அந்தத் தாளே முதல் ஆவணம். மனுதாரர் இடத்தில் மருந்தின் வாசம் பிடிக்காத நாம் மட்டும் இருந்தால் போதாது. புகைக்குள் நடந்தவரின் பெயர் முதலில் இருக்கட்டும்.