ஆட்டிசம்: சட்டம் மறந்த தாய்மொழி

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. அந்த முடிவு சரியா, தவறா என்று இன்று வழக்காடுவதில் பயனில்லை. ஆனால், அந்த எல்லைக்கோட்டின் விளைவை இன்றும் சுமப்பவர்களில் யாருடைய கண்ணிலும் படாத ஒரு பிரிவினர் உண்டு. களியக்காவிளையைத் தாண்டியதும் தொடங்கும் பாறசாலையிலும், அடுத்துள்ள நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களிலும் தமிழ் பேசும் வீடுகளில் பிறந்த, ஆட்டிசம் உள்ள குழந்தைகளே அவர்கள்.

ஆட்டிசம் ஒரு தொற்று அல்ல, மனநோயும் அல்ல. கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு அது. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற கொடுமையான கருத்து மருத்துவ உலகில் கோலோச்சியது. அறிவியல் அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. நம் ஊர்களில்தான் "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்ற பழிச்சொல் இன்னும் தாயின் மீது விழுகிறது.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காமை, கண்ணோடு கண் நோக்காமை, ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சில ஒலிகளையும் தொடுதலையும் தாங்க இயலாமை ஆகியன முதல் அறிகுறிகளாக இருக்கலாம். எல்லாக் குழந்தைகளிடமும் எல்லா அறிகுறிகளும் இருப்பதில்லை. சில குழந்தைகள் பேசுவதே இல்லை. சிலர் சரளமாகப் பேசினாலும் உரையாடத் தடுமாறுகின்றனர். உலக அளவில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளதாக 2021-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. எனவே, எந்த ஊராட்சியும் தன் எல்லைக்குள் அப்படி ஒருவரும் இல்லை என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் மொழிப் பிரச்னை எழுகிறது. ஆட்டிசத்தை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ கிடையாது. காது கேட்கிறதா என்பதைச் சோதித்த பின்னர், குழந்தையைக் கவனித்தும், பெற்றோரிடம் கேட்டுமே மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். சான்றிதழ் வழங்குவதற்காக மத்திய அரசு 2016 ஏப்ரலில் அறிவிக்கை செய்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. கூட்டு மதிப்பெண் 70-ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்ளப்படுகிறது. அந்த 40 கூறுகளில் 9 கூறுகள் பேச்சையும் மொழியையும் பற்றியவை. குழந்தை பொருளற்ற சொற்களைப் பேசுகிறதா, 'நான்', 'நீ' என்பவற்றை இடம் மாற்றிச் சொல்கிறதா, உரையாடலைத் தொடர முடிகிறதா என்று அவை கேட்கின்றன.

இந்தக் கேள்விகளைப் பாறசாலையில் வளரும் குழந்தையிடம் பொருத்திப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், கடைவீதியில் இரண்டும் கலந்த பேச்சு. தமிழில் 'நான் போனேன்', 'நீ போனாய்' என்று வினைச்சொல்லின் ஈறு ஆளுக்கேற்ப மாறும். மலையாளத்தில் யார் போனாலும் 'போயி' என்பதே வினை. 'நான் போயி' என்று ஒரு குழந்தை சொன்னால் அது குறைபாடா, எல்லைப்புறத்தின் இயல்பான பேச்சா? குடிநீரை 'வெள்ளம்' என்று சொல்வது குமரி மாவட்டத்துத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. சென்னையிலிருந்து வரும் நிபுணருக்கு அதுவே புதிராகத் தோன்றலாம். இரு மொழியும், இரண்டுக்கும் இடைப்பட்ட வட்டார வழக்கும் அறிந்தவரே இங்கு சரியாகக் கணிக்க முடியும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. "வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி; அதனால்தான் பேச்சு தாமதம். போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மொழி எல்லைக் கிராமங்களில் எளிதாகக் கிடைக்கும். சாதாரணக் குழந்தையையும் இரு மொழிச் சூழல் ஊமையாக்கிவிடுவதில்லை. இந்த ஆறுதலை நம்பி இரண்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சியை ஐந்து வயதுக்குத் தள்ளிப்போட்டால், மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகள் கைநழுவிவிடும்.

மூன்றாவதாக ஒரு தவறு, நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது. "இனி வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளி மொழியிலேயே பேசுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவதே அது. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு, ஒரு மொழிச் சூழலில் வளர்வோரைவிடக் கூடுதல் மொழித் தாமதம் இல்லை என்று கனடாவின் மாண்ட்ரியல் நகரிலிருந்து 2012-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அவ்வாறிருக்க, தாய்க்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையைக் கொஞ்சச் சொல்வதும், பாட்டியின் கதையை நிறுத்தச் சொல்வதும் எதற்காக? மனித உறவில் இணைவதற்கே போராடும் குழந்தையிடமிருந்து வீட்டின் மொழியைப் பறித்தால், இருக்கும் உறவும் அறுந்துபோகும்.

ஆட்டிசத்தைக் 'குணப்படுத்தும்' மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி இவையே வழி. இவற்றில் பெரும்பங்கு நாள்தோறும் பெற்றோரால் வீட்டில் செய்யப்பட வேண்டியது. ஆகவே, பயிற்சியின் மொழியும் வீட்டின் மொழியும் ஒன்றாக இருப்பது சலுகை அல்ல; சிகிச்சையின் ஒரு பகுதி. புரியும் மொழியில் விளக்கம் கிடைக்காத பெற்றோரைத்தான் போலி நம்பிக்கை விற்பவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கின்றனர். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை அளிப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் அறிவிக்க நேர்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும்.

நாடாளுமன்றம் இதில் என்ன செய்திருக்கிறது? 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. பின்னர், பண மதிப்பு நீக்கம் தொடர்பான அமளியில் இரு அவைகளும் முடங்கிக் கிடந்த 2016 குளிர்காலக் கூட்டத்தொடரில், கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய அரிய மசோதா மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா. மாநிலங்களவை டிசம்பர் 14-ஆம் தேதியும், மக்களவை டிசம்பர் 16-ஆம் தேதியும் அதற்கு ஒப்புதல் அளித்தன. குறைபாடுகளின் பட்டியல் 7-லிருந்து 21-ஆக உயர்ந்தது. ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது.

பாராட்டத்தக்க சட்டம்தான். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அதன் 25-ஆவது பிரிவு. சான்றிதழ் நாடெங்கும் செல்லும் என்கிறது 58-ஆவது பிரிவு. ஆனால், கல்வி பற்றிய 16-ஆவது பிரிவைக் கூர்ந்து படித்தால் ஒரு குறை தென்படும். பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கற்பிக்க வேண்டும் என்ற கடமை அங்கே பார்வையற்றோர், காது கேளாதோர் ஆகியோரைக் குறித்து மட்டுமே சொல்லப்பட்டுள்ளது. தகவல் தொடர்பையே அடிப்படைச் சிக்கலாகக் கொண்ட ஆட்டிசக் குழந்தைகள் அந்த வாசகத்தில் இல்லை.

அரசியலமைப்புச் சட்டத்திலும் இடைவெளி உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்ற 350-ஏ பிரிவு, மாநில எல்லைகளை மாற்றிய அதே 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. எல்லை வரைந்தவர்களே அதனால் பாதிக்கப்படுவோருக்கு அளித்த வாக்குறுதி அது. ஆனால், அது பள்ளி வாசலில் தொடங்குகிறது. ஆட்டிசத்துக்கான உதவியோ இரண்டு வயதில் தொடங்க வேண்டும்.

கேரளத்திடம் அறிவோ அமைப்போ இல்லை என்று யாரும் கூற முடியாது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம், வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய உருவாக்கிய அட்டவணை அந்நகரின் பெயரையே தாங்கி நாடெங்கும் அறியப்பட்டது. 1997-இல் தொடங்கிய பேச்சு, செவித்திறன் தேசிய நிறுவனம் ஆக்குளத்தில் இயங்குகிறது. எல்லைக்கு இப்பால் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு ஒன்றுதான் தேவை.

ஒவ்வொரு மொழிக்கும் தனி நிபுணரை நியமிக்க முடியுமா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால், இரு மொழியும் அறிந்தவர்களுக்கு இந்த எல்லையில் பஞ்சமில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்களில் அவர்களைச் சேர்க்கலாம். எந்த மொழியில் மதிப்பீடு செய்யப்பட்டது என்பதை அறிக்கையில் குறிப்பிடக் கட்டாயமாக்கலாம். பாறசாலைக் குழந்தை ஆசாரிப்பள்ளத்திலும், விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீட்டுக் குழந்தை திருவனந்தபுரத்திலும் தடையின்றிப் பயிற்சி பெற இரு அரசுகளும் உடன்பாடு காணலாம். பெற்றோருக்கான பயிற்சி ஏடுகளை இரு மொழியிலும் அங்கன்வாடிகளுக்கு அனுப்புவதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. அதன் உறுப்பினரும் கன்னியாகுமரித் தொகுதி உறுப்பினரும் சேர்ந்து, 16-ஆவது பிரிவில் ஆட்டிசக் குழந்தைகளையும் சேர்க்க ஒரு திருத்தம் கோரினால் அதை எதிர்க்க எந்தக் கட்சிக்கும் காரணம் இராது. நதிநீரிலும் எல்லையிலும் மோதிக்கொள்ளும் இரு மாநிலங்கள் ஒன்றுபட்டு நிற்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓராண்டு தாமதமும் பெரும் இழப்பு. அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பாகவே இதற்கான முயற்சி தொடங்கட்டும்.