மூலப் பத்திரத்தை முதலில் காட்ட வேண்டியவர் யார்?

மாத்தூரிலோ மணலியிலோ ஒரு தொழிலாளி நாலு சுவர் எழுப்பிக் குடியேறுகிறான். பிள்ளை குட்டிகளை அங்கேயே வளர்க்கிறான். வருஷா வருஷம் வரியும் கட்டுகிறான். கடைசியில் பட்டா கேட்டு சர்க்கார் ஆபீஸ் படி ஏறுகிறான். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி என்ன?

"உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? மூலப் பத்திரம் எங்கே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை ஏன் நம்மை நோக்கி மட்டுமே கேட்கிறார்கள்? மலையும் காடும் ஆற்றங்கரையுமாக ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தன் பெயரில் எழுதி வைத்துக்கொண்டவனிடம், அந்தப் பெயர் அதில் எப்படி ஏறியது என்று யாராவது கேட்டதுண்டா?

நாம் கேட்போம். அதற்கு வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. ஊர்ப் பெயரையும், பழைய ரிஜிஸ்தர்களையும், கோர்ட்டுத் தீர்ப்புகளையும் பொறுமையாகப் புரட்டினால் போதும். வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்த நாட்டில் நிலச்சுவான்தார்களான கதை முழுவதும் அவற்றிலேயே கிடக்கிறது.

தெருப் பலகை சொல்லும் சரித்திரம்

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். வடசென்னையில் கொக்ரேன் பேசின் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. தினமும் அதில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகிறோம். யார் இந்தக் கொக்ரேன்?

பாஸில் கொக்ரேன் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் மகன். கம்பெனி உத்தியோகத்துக்காகச் சென்னைக்கு வந்தவர், பிறகு காண்டிராக்டரானவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டி, 1806-ல் படகுகளை விட்டார். அதில் போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமையைச் சர்க்கார் அவருக்குக் குத்தகையாகக் கொடுத்தது. விறகு, சுண்ணாம்பு, உப்பு என்று எது ஏறினாலும் துரைக்குக் காசு. 1837-ல்தான் சர்க்கார் கால்வாயைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்கள் மண் சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்து சேர்ந்தது.

கால்வாயில் குத்தகைக்காரர் பெயர் இருக்கிறது. கவர்னர் பெயர் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவன் பெயர்தான் எங்கும் இல்லை.

ஒரே எழுத்தாகச் சுருங்கிய துரை

கொக்ரேனுக்குக் கிடைத்தது ஒரு கால்வாய். ஒரு பள்ளத்தாக்கையே தன் பெயரில் எழுதிக்கொண்ட துரை இன்னொருவர் உண்டு. அவரைப் பார்க்க நீலகிரிக்குப் போக வேண்டும்.

கூடலூருக்குத் தெற்கே ஓவேலி என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. காப்பி, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த பூமி. ஓவேலி என்பது ஏதோ பழைய தமிழ்ப் பெயர் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. ஆக்டர்லோனி என்ற துரையின் பெயரிலுள்ள முதல் எழுத்தும், பள்ளத்தாக்கு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையும் சேர்ந்து ஓவேலி ஆயிற்று. துரையின் முழுப் பெயர் கூலி ஜனங்களின் வாயில் நுழையவில்லை; ஒரு 'ஓ' மட்டும் மிஞ்சியது.

யார் இந்த ஆக்டர்லோனி? பதிவுகளைப் பார்த்தால் இரண்டு சகோதரர்கள் தெரிகிறார்கள். ஒருவர் ராணுவ எஞ்ஜினீயர் ஜான் ஆக்டர்லோனி. 1840களில் கம்பெனி சர்க்காருக்காக நீலகிரி மலையை அளந்தவர். மண் எப்படி, மழை எவ்வளவு, எங்கே என்ன விளையும் என்றெல்லாம் விவரமான அறிக்கை எழுதியவர். அது 1847-ம் வருஷத்து அறிக்கை. இன்னொருவர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி. அதே 1840களில் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பி போட ஆரம்பித்தவர் இவரே.

ஒரு சகோதரர் அளந்தார். இன்னொரு சகோதரர் நட்டார். இதைக் களவு என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் அந்தக் காலத்துச் சட்டப்படியே நடந்தது. விஷயமே அதுதான்! ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு குடும்பத்தின் கைக்குப் போவதற்குச் சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லாத காலம் அது.

தோட்டப் பெயர்களும் சாட்சி சொல்கின்றன. ஓவேலியில் கைண்ட் என்று ஒரு எஸ்டேட். ஸ்காட்லாந்தில் ஆர்புரோத் என்ற ஊருக்கு அருகே ஆக்டர்லோனி குடும்பத்தின் பூர்வீக நிலத்துக்கும் அதே பெயர்தான். தாத்தா ஊரின் பெயரைக் கொண்டுவந்து நம் மலையில் நட்டுவிட்டுப் போனார்கள். குடும்ப வரலாற்றைத் தேடிச் சீமைக்குக் கப்பலேற வேண்டியதில்லை. எஸ்டேட் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே போதும்.

கொடுத்தவனுக்கு அது எப்படி வந்தது?

ஜேம்ஸ் துரைக்கு நிலம் யாரிடமிருந்து கிடைத்தது? நிலம்பூர்க் கோவிலகத்துத் திருமுல்பாடுகளிடமிருந்து. அவர்கள் மலையாள நாட்டு ஜன்மிகள். ஓவேலி அன்று மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. 1873-ல்தான் அது நீலகிரி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது.

ஜன்மம் என்றால் பிறப்புரிமை. ஆனால் மலபாரில் பழைய வழக்கப்படி ஒரே நிலத்தின் விளைச்சலில் ஜன்மிக்கும், காணக்காரருக்கும், உழுதவனுக்கும் பங்கு உண்டு. 1792-ல் மலபார் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, வெள்ளைக்கார அதிகாரிகளும் கோர்ட்டுகளும் ஜன்மியை மட்டும் முழுச் சொந்தக்காரனாக்கின. இது தவறு என்று சொன்னது யாரோ கலகக்காரன் அல்ல. மலபாரில் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன்! 1880களில் விசாரணை நடத்தி அவர் எழுதிவைத்த முடிவு அது.

காட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களோ பணியரும் குறும்பரும். பணியரின் கதை கல்லையும் உருக்கும். நிலம் கைமாறும்போது அவர்களும் சேர்ந்து கைமாறினார்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வருஷக் கூலிக்கு அவர்களைப் பேரம் பேசிப் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஆக, தாத்தாவுக்கும் முந்திய காலத்திலிருந்து அந்த மண்ணில் கிடந்தவனுக்கு ஆதாரம் இல்லை. ஜன்மிக்குக் கம்பெனி கோர்ட்டின் ஆதாரம். துரைக்கு ஜன்மி கொடுத்த ஆதாரம். இதுதான் அந்த மூலப் பத்திரத்தின் மூலம்.

கூலிக்காரன் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறான்?

கிரிக் என்ற அதிகாரி 1880-ல் வெளியிட்ட நீலகிரி ஜில்லாப் புத்தகத்தில் ஆக்டர்லோனி இருக்கிறார். 1908-ல் பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியரிலும் இருக்கிறார். துரைமார்கள் பிறந்தால் மாதா கோவில் ரிஜிஸ்தரில் பெயர். கல்யாணம் ஆனால் பெயர். செத்தால் கல்லறையில் கல்வெட்டு. சென்னை ராஜதானி முழுவதிலும் உள்ள துரைமார்களின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து, 1905-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள்.

மைசூர்ச் சீமையிலிருந்தும் தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் கங்காணி மேஸ்திரிகளின் பின்னால் மலையேறிய கூலி ஜனங்கள் எங்கே? அவர்களும் ரிஜிஸ்தரில் இருக்கிறார்கள், கடன்காரர்களாக! முன்பணக் கணக்கில் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால், 1859-ம் வருஷத்துச் சட்டம் அவனைக் குற்றவாளியாக்கி ஜெயிலுக்கு அனுப்ப வழி செய்தது. அது போதாதென்று 1903-ல் சென்னை ராஜதானியில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. துரையின் பெயர் பத்திரத்தில். கூலியின் பெயர் வாரண்டில்.

பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறதென்று லண்டனில் கம்பெனிகள் முளைத்து, சில வருஷங்களிலேயே கவிழ்ந்தன. தேயிலை வந்தது. எஸ்டேட்டுகள் கைமாறின. எத்தனை கை மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: லைன் வீட்டில் இருந்தவன் லைன் வீட்டிலேயே இருந்தான்.

சட்டம் வந்தது, பட்டா வரவில்லை

சுதந்திரத்துக்குப் பிறகு, 1969-ல் கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் நிறைவேறியது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்ட சட்டம். தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆனால் காடுகளை எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்றது. 1974-ல் பார்லிமெண்டு சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த வருஷக் கடைசியில் சட்டம் அமலுக்கு வந்தது. மறுபடியும் வழக்கு. அது ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு வரை போய், 2007-ல் தீர்ப்பாயிற்று. கோயெல்ஹோ வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று படிப்பது இதைத்தான். அந்தப் பெரிய தீர்ப்பின் அடியில் கிடப்பது கூடலூர் மலைச்சரிவு நிலம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஜன்மிகளிடம் குத்தகைக்கு எடுத்த தோட்ட நிலங்களைப் பற்றியது. பொது நன்மைக்கு அவசியமென்றால் குத்தகையை முறிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு. சட்டம் அமலாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த நிலங்களின் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை. பெரிய தோட்டக்காரனுக்கு வாய்தா மேல் வாய்தா கிடைக்கிறது. அதற்குள் அவன் இன்னும் பல போகம் கொழுந்து கிள்ளிவிடுகிறான். குடிசை போட்டவனுக்கும், குறுமிளகுக் கொடி நாலு நட்டவனுக்கும் பட்டாவுமில்லை. பல குடும்பங்கள் ஒரு மின்சார விளக்குக்கே வருஷக்கணக்கில் மனுப் போட்டன. காடும் யானையும் காப்பாற்றப்பட வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவன் யார், கூலிக்கு வந்தவன் யார் என்று பார்க்காமல், இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது.

செங்கல்பட்டு ஜில்லாவின் கணக்கு

"அது மலைநாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். மாத்தூர் எந்த ஜில்லாவில் இருந்தது? செங்கல்பட்டு ஜில்லாவில். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். 2011-ல் சென்னை மாநகராட்சி. பெயர்ப் பலகை மாறியதே தவிர, நிலத்தின் பழைய கணக்கு செங்கல்பட்டுக் கணக்குத்தான்.

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது? 1763-ல் நவாபிடமிருந்து இந்தச் சீமையைக் கம்பெனி ஜாகீராகப் பெற்றது. பார்னார்டு என்ற எஞ்ஜினீயர் கிராமம் கிராமமாக அளந்து, எந்த ஜாதிக்கு எத்தனை வீடு என்றுகூட எழுதிவைத்தார். மிராசுதாரர்களின் பாத்தியதைகளைப் பற்றி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சேரி ஜனங்களின் பாத்தியதை? 1891-ல் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதினார்: அவர்கள் குடியிருக்கும் மனையே அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்று மிராசுதார் மிரட்டலாம், தரிசைத் தர்க்காஸ்து கேட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த ஒருவருக்கு ஒரு பள்ளத்தாக்கு கிடைத்தது. ஏர் பிடித்த உள்ளூர்க்காரனுக்கு அதற்குப் பின்னும் நாற்பது, ஐம்பது வருஷம் கழித்துக்கூடக் குடிசை மனை இல்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் உத்தரவு பிறந்து, ராஜதானி முழுவதிலுமாகச் சுமார் 12 லட்சம் ஏக்கர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதென்று சொல்கிறார்கள். அதுவே பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் பிற வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நிலத்தில் யார் இருக்கிறார்கள்?

நாம் செய்ய வேண்டியது

பதிவேடு முதலாளிக்கு மட்டும் பேசும் என்று எண்ணிவிடாதீர்கள். எதிரி எழுதிய காகிதமே சில சமயம் நமக்குச் சாட்சியாகும். டிரெமென்ஹீரும் லோகனும் வெள்ளைக்கார அதிகாரிகள்தான்! ஊரிலுள்ள 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் பாருங்கள். பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டு, நிலம் யார் யார் கை மாறியது என்று பாருங்கள். பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர்களைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். ஒருவர் தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். சங்கமாகப் போனால் பதில் சொல்வார்கள்.

இந்தப் பதிவேடுகள் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி, ஊர் ஊராகத் திறந்துவைக்கப்பட வேண்டும். பஞ்சமி நிலத்தின் பட்டியல் கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். கூடலூரில் 17-வது பிரிவு நிலத்துக்கு ஒரு முடிவு வர வேண்டும்; அந்த முடிவில் முதல் வரிசை லைன் வீட்டுக்கும் பணியர் பாடிக்கும் கிடைக்க வேண்டும்.

நாளைக்கு மறுபடியும் ஆபீஸ் படி ஏறுவோம். "மூலப் பத்திரம் எங்கே?" என்று கேட்பார்கள். "காட்டுகிறோம் ஐயா, ஆனால் பெரிய பத்திரத்தை முதலில் எடுங்கள். அதையும் சேர்ந்தே படிப்போம்" என்று சொல்வோம்.