மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ற ஆல்

அனகாபுத்தூர் வழியே ஓடும் அடையாறு கடலிற் கலக்குமிடத்திற்கருகே, பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பழைய ஆலின் அடிமரம் 1989-ஆம் வருஷப் புயலில் வீழ்ந்தது. விழுதுகளைக் கொண்டு மரம் இன்றும் தழைக்கிறது.

போபால் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் ஆலின் மரபணுக்களை முழுதும் ஆராய்ந்து வெளியிட்டனர். ஏறக்குறைய 25,000 மரபணுக்களில், சூழ்நிலைக்கேற்ப மாறியமைந்த அடையாளங்கள் பல கொண்டவை 17. அவற்றிற் பெரும்பாலானவை வறட்சி, நோய் முதலிய இன்னல்களைத் தாங்க உதவுபவை.

கார்த்திகையில் வெள்ளமும் வைகாசியில் வறட்சியும் காணும் இப்பகுதிக்கு இத்தகைய மரமே ஏற்றது. விரைவில் நிழல் தருமென்று அயல்நாட்டுக் கன்றுகளை வாங்குதல் வீண்செலவு. ஏரிக்கரையில் மரம் வைக்கும் நிலக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும், உள்ளூரில் பல புயல்களைக் கண்ட ஆலின் போத்தை, மழை தொடங்கியதும், மதகுக்குத் தூரத்தே நடுவது நலம். போத்தில் தாய்மரத்தின் மரபணு மாறாது வருமாதலால், அதன் உறுதியும் உடன் வரும்.