கீழ்க்காட்டையும் காடென்று எண்ணுங்கள்

மாண்புமிகு சுற்றாடல் அமைச்சர் அவர்களுக்கு,

உலகில் நக்கிள்ஸ் மலைக்காட்டில் மட்டுமே வாழும் ஓர் ஓணானுக்காக எழுதுகிறேன். 'கொஃபோட்டிஸ் தும்பர' என்று அறிவியல் அதற்குப் பெயரிட்டதே 2006இல்தான். வாலை விட்டுவிட்டால் சுட்டுவிரல் அளவு உடம்பு. பாசி படர்ந்த தண்டுகளை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். நம் முற்றத்து ஓணான்கள் மண்ணைத் தோண்டி முட்டையிட, இது குட்டி போடும். மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

2019இல் ஜெனீவாவில் இலங்கை கேட்டபடியே இதை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஐரோப்பாவில் நம் ஓணான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கக் காசை அள்ளிக் கொடுப்போர் உண்டு. 'கூண்டில் பிறந்தது' என்றால் போதும், முதல் சோடி எப்படிக் கடல் தாண்டியது என்று கேட்பாரில்லை. ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பதால் மட்டும் இது பிழைக்காது.

இது வாழும் காட்டுக்குள்ளேயே ஏலம் பயிரிட்டார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் பெருமரங்களை விட்டுவைத்து, கீழே வளர்ந்த செடிகொடிகளை வழித்தெடுத்து ஏலத்தை நட்டார்கள். காய் உலர்த்தும் கொட்டகைகளுக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கூரை அப்படியே தெரியும். ஓணானின் வீடோ கூரைக்குக் கீழே. 2000இல் நக்கிள்ஸைப் பேணற்காடாக அறிவித்தோம், 2010இல் உலக மரபுரிமையும் கிடைத்தது. ஆயினும் கைவிட்ட தோட்டங்களில் ஏலம் இன்னும் அடர்ந்து நிற்கிறது. காட்டு மரக்கன்றுகள் அதற்குள் தலைதூக்கத் திணறுகின்றன.

ஏலத்தை ஒரே நாளில் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. இதே மலையின் இலைமூக்கு ஓணான் ஏலத்துக்குள்ளும் வாழ்கிறது. திடீரென வெட்டவெளியாக்கினால் அதற்குக் கேடு. துண்டு துண்டாக ஏலத்தைக் குறைத்து, அந்த மலைக்கே உரிய செடிகளை நட வேண்டும். அந்த வேலையை ஏலம் பறித்துப் பிழைத்த அடிவாரத்துக் கிராமத்தவருக்கே கொடுங்கள். எந்த ஓடையோரம் எந்தக் கன்று பிடிக்கும் என்று கொழும்பில் இருப்போரைவிட அவர்களுக்குத் தெரியும். காட்டால் வந்த வருமானத்தை இழந்தவர்களுக்கு அது கூலியாகவும் இருக்கும்.

எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் தொடங்குவீர்கள் என்று பகிரங்கமாக அறிவியுங்கள். புதிதாக ஏலக் குத்தகை எதுவும் இல்லை என்பதையும் அதிலேயே எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மலையகத்து வாசகன் ஒருவன்