தைக்கத் தெரிந்தவளிடம் கேட்பதற்கு முன்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு நாற்பது வீட்டுக்குப் போயிருந்தோம். கட்டில் மேல் சாமான்கள் குவிந்து கிடந்தன. பெம்பர்ஸ் பெட்டிகள், பேபி சோப் செட், இன்னும் கவர் பிரிக்காத வோக்கர். என் ராத்தா தான் கொண்டு போன போர்வையையும் அதில் வைத்தார். குரோஷே ஊசியால் பின்னியது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு சிறு சதுரங்கள் சேர்த்தது. பிள்ளை கிடைக்கப் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பின்னிக் கொண்டிருந்தார்.

அங்கே இருந்த ஒரு மாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நீங்களே பின்னினதா? அப்ப செலவில்லையே" என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ராத்தாவும் சிரித்தார்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போகும்போது அதே மாமி ராத்தாவின் பக்கத்தில் வந்தார். "எங்கட மருமகளுக்கும் வார மாசம். அதே மாதிரி ஒன்னு பின்னித் தாங்களேன். நூல் நான் வாங்கித் தாரன்."

ஒரே வாயிலிருந்து, அரை மணித்தியாலத்துக்குள், இரண்டும் வந்தது. கொடுத்தால் செலவில்லாத சாமான். கேட்டால் மருமகளுக்கே கொடுக்கத் தகுந்த சாமான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு வேறு என்ன தெரியும்?

போர்வையில் 80 சதுரங்கள். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று ராத்தா சொன்னார். 1,600 நிமிடம். அதாவது 26 மணித்தியாலம் 40 நிமிடம். சதுரங்களைச் சேர்த்து ஓரம் கட்ட இன்னும் 6 மணித்தியாலம். பிழைத்து அவிழ்த்ததை நான் சேர்க்கவில்லை. மொத்தம் 32 மணித்தியாலம் 40 நிமிடம். மணித்தியாலத்துக்கு வெறும் 100 ரூபா போட்டாலும் 3,200 ரூபாவுக்கு மேல் வருகிறது, நூலுக்குப் புறம்பாக. 100 ரூபா என்றால் கடையில் ஒரு பிளேன்டீயும் பணிசும். அந்தக் கூலிக்கு உங்கள் வீட்டில் மேசன் பாஸ் ஒருவர் ஒரு மணித்தியாலம் நிற்பாரா?

என் கருத்து இதுதான். தானாக விரும்பித் தைத்துத் தருவது ஹதியா. நாம் கேட்டுத் தைப்பிப்பது வேலை. இந்த இரண்டையும் நம் ஊரில் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறோம். ஹதியாவாக வந்தால் அதைக் குறைத்துப் பார்க்கிறோம். வேலையாகச் செய்யக் கேட்கும்போது மட்டும் "ஹதியாவாச் செஞ்சு தாங்களேன்" என்கிறோம். இரண்டு பக்கத்திலும் நட்டப்படுவது ஊசி பிடித்த பெண்தான்.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் டீச்சர்மார் எங்களைச் சொல்ல வேண்டும். முன்பள்ளி விடுகை விழா, மீலாத் விழா, விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் நாங்கள் முதலில் தேடுவது "தைக்கத் தெரிந்த உம்மா யார்?" என்றுதான். சில வருடங்களுக்கு முன் நானே ஒரு பிள்ளையின் உம்மாவிடம் 22 உடுப்புகள் தைக்கக் கேட்டேன். துணி கொடுத்தோம், நூல் காசு கொடுத்தோம். விழா மேடையில் கூப்பிட்டு ஒரு சான்றிதழும் கொடுத்தோம், லெமினேட் செய்து. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் அந்த இரண்டு கிழமையும் பெருநாள் உடுப்பு ஓடர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த வீட்டில் வருமானம் அந்த மெஷின்தான். சவுண்ட் சிஸ்டக்காரருக்குக் காசு கொடுத்தோம். கதிரை வாடகைக்குக் காசு கொடுத்தோம். மேடைப் பலூனுக்கும் கொடுத்தோம்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால், கல்வியியற் கல்லூரியில் நாங்கள் கற்பித்தல் உபகரணம் செய்த காலம் ஞாபகம் வருகிறது. இரவிரவாக விழித்திருந்து அட்டை வெட்டி, துணி ஒட்டி, சாயம் பூசுவோம். செலவு குறைந்த உபகரணம் என்றால் பெருமை. செலவுக் கணக்கில் கம் 40, அட்டை 60 என்று எழுதுவோம். இரண்டு இரவுகளை எழுத ஒரு வரி இருக்கவில்லை. இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

அதே பிழையை நான் பிறகு ஒருமுறை, இதைவிடப் பாரமான இடத்தில் செய்தேன்.

2018 மார்ச் மாதத்தை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திகனையிலும் இங்கேயும் நடந்தது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீடு இழந்தவர்கள் நட்டக் கணக்கு எழுதும்போது, எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாயின் கணக்கை நான்தான் எழுதினேன். பிரிட்ஜ், டீவி, அலுமாரி, தையல் மெஷின். மெஷினுக்கு விலை சொன்னார், தவணைக்கு வாங்கியதால் ரூபா சதம் வரைக்கும் ஞாபகம். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலுமாரிக்குள் மகளின் கலியாணத்துக்காகத் தைத்து வைத்த தலையணை உறைகளும், பூ வேலை செய்த பெட்சீட்டுகளும், ஒரு துண்டுத்துணிப் போர்வையும் இருந்தன என்றார். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து பெருநாளைக்குப் பெருநாள் ஒவ்வொன்றாகச் சேர்த்தது.

"அதுக்கு என்ன விலை போடுற டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. "சரி, அது நான் தைச்சதுதானே, விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

யாரும் எங்களைத் தடுக்கவில்லை. எழுத இடம் இருந்தது. நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அதை ஒன்றுமில்லை என்று முடிவு செய்தோம். ஐந்து வருட வேலை. அது எரிந்தது ஒரு நாள். எழுதாமல் விட்டது அடுத்த நாள்.

எங்கள் வீட்டில் ஒரு துண்டுத்துணிப் போர்வை இன்னும் இருக்கிறது, அதனால்தான் இது எனக்கு இவ்வளவு உறைக்கிறது. உம்மும்மா தைத்தது. விக்டோரியா அணை கட்டி, 1985இல் திறந்து, பழைய தெல்தெனிய டவுன் தண்ணீருக்குள் போன காலத்துப் போர்வை. புதிய டவுனுக்கு மாறும்போது எல்லாவற்றையும் கொண்டுவர முடியாதே. பழைய ஜன்னல் திரை, வாப்பாவின் கிழிந்த சாரன், மாமாமாரின் பாடசாலை வெள்ளைக் காற்சட்டை என்று எறிய வேண்டியதை எல்லாம் வெட்டிச் சேர்த்துத் தைத்திருக்கிறார். உள்ளே பஞ்சு இல்லை, ஒரு பழைய கம்பளிதான். தண்ணீர் குறையும் காலத்தில் பழைய டவுனின் மிச்சம் மேலே தெரியும்போது நாமெல்லாம் போன் எடுத்துக் கொண்டு போகிறோம் அல்லவா? உம்மா வருவதில்லை. வீட்டிலேயே போர்வையை விரித்து, "இதுதான் நடு அறை ஜன்னல்" என்று நீலப் பூப் போட்ட ஒரு துண்டைக் காட்டுவார். அது எங்கள் சாச்சிக்குக் கலியாணத்துக்குக் கொடுத்த போர்வை. சாச்சி மௌத்தான பிறகு எங்களிடம் திரும்பி வந்தது. அதை ஹதியா என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். உம்மும்மாவிடம் யாரும் கேட்கவில்லை, எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பழைய துணியில் போர்வை தைப்பதை ஏழைகளின் வேலை என்று வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் கர்நாடகாவில் சித்தி என்று ஒரு சமூகம் இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பழைய உடுப்புகளில் 'கவந்தி' என்ற போர்வையைப் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைப்பார்கள். மூலைப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு உடுப்பில்லாத ஆள் மாதிரி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் வாழும் ஊர். அங்கேயும் பெண்கள் வயல் வேலைக்கு உடுத்த உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகளைப் பெரிய நூதனசாலைகளில் சுவரில் தொங்கவிட்டார்கள். 2006இல் அமெரிக்காவின் முத்திரையிலும் வந்தது. அதோடு கதை முடியவில்லை. 2007இல் அங்குள்ள சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள், தங்கள் தையலில் மற்றவர்கள் சம்பாதித்ததில் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று. அடுத்த வருடம் அந்த வழக்குகள் முடித்துக் கொள்ளப்பட்டன. சுவரில் தொங்கவிட்டுப் புகழ்வதும் எங்கள் லெமினேட் சான்றிதழும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

அவ்வளவு தூரம் ஏன்? நாம் இருப்பதே தும்பறையில். குண்டசாலைப் பக்கம் ஹேனவலையில் தறியில் நெய்கிற தும்பறைப் பாய் வேலையை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நார் எடுத்து, சாயம் போட்டு, கையால் நெய்கிற வேலை. கண்டி டவுன் கடையில் அதில் விலை ஒட்டியிருக்கும்போது யாரும் "நீங்களே நெய்ததா, அப்ப செலவில்லையே" என்று சொல்வதில்லை. கடைக்குள் இருந்தால் கைவேலைக்கு விலை உண்டு என்று நமக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு மச்சியின் மடியில் இருக்கும்போதுதான் தெரியாமல் போகிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சொல்வீர்கள், "டீச்சர் எல்லாத்துக்கும் காசு கேட்கச் சொல்றாங்க, பிறகு சொந்தம் எதுக்கு, அன்பு எதுக்கு?" நியாயமான கேள்வி. ராத்தாவே அதைத்தான் கேட்டார். சொந்தக்காரரிடம் காசு வாங்கினால் முகத்தில் முழிக்க முடியுமா என்றார். நான் கேட்பது, சொந்தத்தின் பேரில் மறுக்க முடியாமல் செய்து கொடுப்பதில் என்ன அன்பு இருக்கிறது? கொடுக்காமல் இருக்கவும் முடிகிறவள் கொடுத்தால்தான் அது ஹதியா. வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பக்கத்து வீட்டுக்காரி தருவது ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அற்பமாக நினைக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பெருநாளும் கலியாணங்களும் வரும் மாதங்கள் இவை. அதனால் நேராகவே கேட்கிறேன். யாரிடமாவது தைக்கவோ பின்னவோ கேட்டால் அதே வசனத்தில் "எவ்வளவு எடுப்பீங்க?" என்றும் கேளுங்கள். நூலும் துணியும் வாங்கிக் கொடுப்பது கூலி அல்ல, மேசனுக்கு சீமெந்து வாங்கிக் கொடுப்பது போலத்தான் அதுவும். முடியாது என்று சொன்னால் இரண்டாவது ஆளை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். கேட்காமல் ஒருவர் தந்தால் எத்தனை நாள் எடுத்தது என்று விசாரியுங்கள். தந்ததை அலுமாரியில் பூட்டி வைக்காமல் பிள்ளைக்குப் போர்த்துங்கள். மூத்திரம் போனால் கழுவலாம், அதற்காகத்தான் பின்னியது.

தைக்கிற பெண்களுக்கு ஒன்று. "சும்மா பொழுது போக்குக்குத்தான்" என்று நீங்களே சொல்வதை விடுங்கள். எத்தனை மணித்தியாலம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். விலை சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

எங்கள் பாடசாலையில் இந்த வருடம் விழாவுக்கு உடுப்புத் தைப்பதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று பெற்றார் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். எதிர்ப்பு வரும். பலூனைக் குறைக்கலாம் என்பது என் யோசனை.

மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவர் ராத்தாவுக்குக் கோல் எடுத்து நூல் என்ன நிறத்தில் வாங்க வேண்டும் என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ராத்தா என் கடதாசியைப் பார்த்துக் கொண்டே, நூல் தவிர 3,000 ரூபா வரும் மாமி என்றார், குரல் நடுங்க. 267 ரூபாவைக் குறைத்துவிட்டார், அதுவும் கேட்காமலேயே. மாமி, மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

இதுவரை கோல் வரவில்லை. வந்தால் கீழே எழுதுகிறேன்.