நீக்கிய நிலத்தின் பெயர்கள்

தஞ்சைப் பெரியகோயிலுக்குச் செல்வோர் விமானத்தை அண்ணாந்து பார்ப்பர். கண்ணெதிரே கல்லில் நிற்கும் எழுத்துகளைப் படிப்போர் சிலரே. முதலாம் இராசராசன் கோயிலுக்கு அளித்த ஊர்களின் பெயர்களும் நில அளவுகளும் அங்கே வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில் அவன் சோழநாட்டு நிலத்தை அளப்பித்தான். வேலி, மா, காணி, முந்திரிகை என இறங்கி, அதற்கும் கீழான நுண்பின்னம் வரை கணக்கிட்ட அளவை அது. அந்நுட்பத்தைப் பலரும் வியந்துரைப்பர். அதன் மெய்யான செல்வம் பெயர்களே என்பேன்.

நாட்டின் பெரும்பிரிவுகளுக்கு மன்னன் தன் பெயர்களையும் விருதுகளையும் சூட்டினான். தஞ்சாவூர்க் கூற்றம் பாண்டியகுலாசனி வளநாட்டில் அடங்கியிருந்தது. பாண்டியர் குலத்துக்கு இடி போன்றவன் என்பது அதன் பொருள். இடி எப்போதோ ஓய்ந்துவிட்டது, தஞ்சாவூர் இருக்கிறது. அருமொழிதேவ வளநாட்டு இங்கணாட்டுப் பாலையூர் என்று ஓர் ஊர் குறிக்கப்படுகிறது. வளநாடு மறைந்தது, பாலையூர் என்னும் பெயர் காவிரிப் படுகையில் இன்றும் வழங்குகிறது.

நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. ஊரின் மொத்த நிலத்தைச் சொன்னபின், வரி இல்லாத நிலத்தை எழுத்தர் கழிக்கின்றனர். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என அப்பட்டியல் ஊருக்கு ஊர் வேறுபட்டு நீள்கிறது. அரசுக்கு வேண்டியது எஞ்சிய விளைநிலமே. ஆயினும், கழிப்பதற்கும் பெயர் சொல்லியாக வேண்டுமே! அதனால்தான் கம்மியரும் கள்ளிறக்குவோரும் வாழ்ந்த இடங்கள் கல்லில் ஏறின. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் பேசுவோர், தீண்டாச்சேரி என்னும் சொல்லின்முன் சற்று நிற்க வேண்டும்.

2020இல் 1018 ஊர்ப்பெயர்களை, தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணையிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அப்போது எழுந்த விவாதம் தேவையானதே. ஆனால், எழுத்துக்கூட்டலினும் பெரிய இழப்பு ஓசையின்றி நிகழ்கிறது. வயல் வீட்டுமனையாகும்போது வாய்க்காலின் பெயரும் குளத்தின் பெயரும் போய், எவர் பெயரிலோ ஒரு 'நகர்' எழுகிறது. நீர் சென்ற வழி எது என்பது அடைமழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகும்போதுதான் அங்குள்ளோர்க்குத் தெரியவருகிறது.

ஒவ்வோர் ஊராட்சியும் தன் குளம், வாய்க்கால், வயல் ஆகியவற்றின் பழம்பெயர்களைத் திரட்டி, அவ்வவ்விடத்தில் பலகையாக நட வேண்டும். இழிவைச் சுமத்தும் பெயர்களை என்ன செய்வது? அங்கு வாழ்வோர் விரும்பினால் தெருப்பலகையிலிருந்து அவற்றை நீக்கட்டும். அது அவர்களின் உரிமை. பதிவேட்டில் மட்டும் பழைய பெயரும் மாற்றிய ஆண்டும் அருகருகே இருக்கட்டும்.